அறுபத்தொரு வாட்

எங்கள் பேச்சில் வான் என்றால் வண்டி.
மேலே இருப்பதும் வான்தான்.
இரண்டையும் கம்பியால் கட்டத்தான்
காலையிலிருந்து முழங்காலில் நிற்கிறேன்,
கிரேட்சீலில், வடகடல் காற்றில்.

வண்டி நிறுத்த நாளுக்குப் பதினான்கு யூரோ.
மின்சாரத்துக்கு வேறு காசு,
அந்தப் பெட்டி மூன்று நாளாகப் பழுது.
வருந்துகிறோம் என்று காகிதம் ஒட்டியிருக்கிறார்கள்.
பேட்டரி பதினொன்று தசம் ஒன்பது.
ஃபிரிட்ஜுக்குள் தக்காளி, பாதி மீன்,
என்னுடைய ஐந்து இன்சுலின் பேனா.
தக்காளி தாங்கும்.

குகதாசன் வானின் படியில் குந்தியிருக்கிறார்.
பொதி அனுப்பும் கிடங்கை மார்ச்சில் மூடியதிலிருந்து
எந்தக் கதிரையிலும் அவர் சாய்வதில்லை,
யாரோ எழுப்பிவிடப் போகிறார்கள் என்பதுபோல.

பேனல் இரண்டு. ஒன்று புதிது,
மடித்தால் சூட்கேஸ்.
மற்றது ஹாகனில், விவாகரத்தாகி
வீடு காலி செய்த ஒருவரிடம்
நாற்பது யூரோவுக்கு வாங்கியது.
மூலையில் கீறல்.
"இன்னும் வேலை செய்யும்" என்றார்,
எதைச் சொன்னாரோ.

முதலில் தொடராக இணைத்தேன்.
ஒன்றின் நேர், அடுத்ததன் மறை.
டக்கென்று பூட்டும் அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்:
முதியோர் இல்லத்தில் இரவு முழுக்கக்
கட்டில் கம்பிகளைப் பூட்டுகிற கை இது.
சின்னத் திரையில் நூற்றிருபது வாட்.
"இஞ்ச வந்து பாருங்கோ" என்றேன்.
அவர் எழுந்து வருவதற்குள் பதினெட்டு.

மேகம் ஒன்றும் இல்லை.
பாதைக்கு அப்பால் நிற்கிற மாவாலை
இன்றைக்கென்று சுற்றுகிறது.
இறக்கையின் நிழல் புல்லில் இறங்கி
ஆறுதலாக நடந்து வந்து
பழைய பேனலில் ஏறி
மறுபக்கம் இறங்கிப் போகிறது.
நூற்றிருபது.
அடுத்த இறக்கை.
பதினெட்டு.
வெயிலில் குளித்துக்கொண்டிருக்கும் புதியதுக்கும்
சேர்த்தே இருட்டு.

"நகர்த்தினால் என்ன?"
வயர் ஐந்து மீட்டர்தான். இந்தப் பக்கம் வேலி,
அந்தப் பக்கம் வூபெனா என்பவரின் கூடாரம்.
வேண்டியது சமாந்தரம்:
சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு,
பத்தாம் வகுப்பில் இரண்டு டார்ச் பல்புக்குச் செய்தது.
அதற்குக் கவட்டை வயர் ஒரு சோடி வேண்டும்.
இன்று ஞாயிறு.
இந்த நாட்டில் ஞாயிறன்று
ஓர் ஆணிகூட விலைக்குக் கிடைக்காது.

குகதாசன் செருப்பைப் போட்டார்.
நாலு மாதத்தில் முதல் தடவையாக
அறியாத ஒருவரின் வாசலில் நின்று
இரண்டு விரலை விரித்து எதையோ கேட்டார்.
வூபெனா ஒரு கோப்பி டின்னைப் புல்லில் கவிழ்த்தார்:
திருகாணி, கூடார முளை, ஒரு சாவி,
அடியில் கவட்டை இரண்டு.
எட்டு மணிக்குத் திருப்பித் தந்துவிட வேண்டுமாம்.

வெயில் படும் பேனலில் கை வைக்கக் கூடாது,
மூடிவிட்டுத்தான் இணைக்கவேண்டும்.
புதியதுக்குப் படுக்கை விரிப்பு.
பழையதுக்கு ஒன்றும் அகப்படவில்லை.
அவர் தன் ஜாக்கெட்டைக் கழற்றினார்,
முதுகில் கிடங்கின் பெயர் எழுதிய அந்த மஞ்சள் ஜாக்கெட்,
ஜூலையிலும் கழற்றாதது.
கண்ணாடிமேல் விரித்து
காற்றில் பறக்காமல்
நாலு மூலையும் பிடித்துக்கொண்டார்.

டக். டக்.
"எடுக்கட்டோ?"
"எடுங்கோ."

நூற்றிருபது.
நிழல் வருகிறது, வேலியடி, புல், ஏறிவிட்டது.
பழையது செத்துப்போகிறது.
அறுபத்தொன்று.
அறுபத்தொன்றிலேயே நிற்கிறது.
மூச்சை விட மறந்திருக்கிறோம் இருவரும்.
வண்டிக்குள் ஃபிரிட்ஜ் ஒருமுறை செருமிவிட்டு
முனகத் தொடங்கியது.

"அப்ப, ஒண்டு இருண்டாலும் மற்றது..."
"வாயை மூடுங்கோ" என்றேன்.
"வயரை வைச்சு ஒரு தத்துவமும் சொல்லக் கூடாது."
சிரிக்கவில்லை அவர்.
ஆனால் ஜாக்கெட்டைத் திரும்பப் போடவும் இல்லை.
மீன் கழுவிய கையை அதில் துடைத்தார்.

எட்டு மணிக்கு இன்னும் நல்ல வெயில்.
கவட்டைகளைக் கழற்றிக் கொண்டுபோனவர்
பத்தரைக்குத்தான் வந்தார், பியர் வாசத்தோடு,
நாளைக்கும் அவற்றை இரவல் கேட்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டு.